ராடெகுண்ட் ஊர்க் கோயிற்பிள்ளையும் அவர் குடும்பமும்

மேல் ஆஸ்திரியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சால்சாக் ஆற்றை அடுத்து, ராடெகுண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் பவேரியா. அது ஜெர்மனியைச் சேர்ந்தது. இப்பால் காடும் புல்வெளியும் வயலுமாகச் சிறு பண்ணைகள். ஊரின் நடுவே ஒரு கத்தோலிக்கக் கோயில். ஊர்க்குப் பெயர் தந்த ராடெகுண்ட் அம்மையார் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரசி. மன்னனாகிய கணவனை விட்டு நீங்கித் துறவு பூண்டவர். ஏறத்தாழ ஐந்நூறு பேரே வாழ்ந்த இவ்வூர் வரலாற்று நூல்களில் இடம் பெறும் தகுதி எதையும் நாடியதன்று. இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் பிரௌனவ் என்னும் நகரம் உள்ளது. 1889இல் ஹிட்லர் பிறந்தது அங்கேதான்.

ராடெகுண்ட் கோயிலைத் திறந்து, மணியடித்து, பூசைக்கு வேண்டியவற்றை எடுத்து வைக்கும் பணியை 1941 முதல் ஓர் உழவர் செய்து வந்தார். தமிழ்க் கிறிஸ்தவர் இப்பணியாளரைக் கோயிற்பிள்ளை என்பர். அந்தக் கோயிற்பிள்ளையின் பெயர் பிரான்ட்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஹிட்லரின் படையில் நின்று போரிட மறுத்து 1943இல் தலை வெட்டப்பட்டு இறந்தவர் அவர். இன்று உலகின் பல பகுதிகளிலும் அவர் பெயர் தெரியும். ஆயினும், அவரைத் தனிமரமாக நிறுத்தி, ஒரு மனிதர் ஒரு பேரரசை எதிர்த்தார் என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் பெருகிவிட்டது. அது பாதி வரலாறே. அவரை உருவாக்கியது ஒரு குடும்பம். அவர் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்ததும் அக்குடும்பமே. ஆகவே அவர் கதையைக் குடும்ப வரலாறாகவே காண வேண்டும்.

வந்த பெயர், வந்த நிலம்

பிரான்ட்ஸ் 1907ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். தாய் ரோசாலியா ஹூபர், பிறர் பண்ணையில் வேலை செய்த பெண். தந்தை பிரான்ட்ஸ் பாக்மையர், பக்கத்து ஊரைச் சேர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளை. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. வறுமை இடந்தரவில்லை. நிலமில்லாத கூலியாளும் பண்ணைப் பெண்ணும் குடும்பம் அமைக்க வழியின்றி நின்றதும், அதனால் திருமணத்திற்குப் புறம்பே குழந்தைகள் பிறந்ததும் அந்நாளில் ஆஸ்திரிய நாட்டுப்புறத்தில் அரிய செய்திகள் அல்ல. பழி மட்டும் குழந்தைகள்மேல் விழுந்தது.

குழந்தையை வளர்த்தவர் தாய்வழிப் பாட்டியாகிய எலிசபெத் ஹூபர். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் விதவை அவர். வீட்டில் வறுமை இருந்தது. அன்பும் இறைப்பற்றும் இருந்தன. கைப்பிடி ரொட்டியையும் வழிபாட்டையும் ஒருங்கே ஊட்டிய அந்த மூதாட்டியைப் பற்றி வரலாறு எழுதுவோர் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர். பின்னாளில் பேரன் காட்டிய உறுதிக்கு வித்து அவ்வீட்டிலேதான் விழுந்தது என்று கொள்வது தவறாகாது.

ஊர்ப் பள்ளி ஓராசிரியர் பள்ளி. ஐம்பது அறுபது பிள்ளைகள், எல்லா வகுப்பினரும், ஒரே அறையில். இத்தகைய பள்ளி எப்படி நடக்கும் என்பதைத் தோட்டத்துத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஏழைப் பிள்ளை, அதிலும் தந்தை பெயர் சொல்ல முடியாத பிள்ளை, அங்கே பின்வரிசையில் தள்ளப்பட்டான். முதல் உலகப் போர் மூண்டபோது பிரான்ட்ஸுக்கு வயது ஏழு. பெற்ற தந்தை பாக்மையர் அப்போரில் படைவீரராக மாண்டார்.

1917இல் ரோசாலியா மணம் செய்துகொண்டார். கணவர் ஹைன்ரிக் யேகர்ஷ்டெட்டர், ராடெகுண்ட் ஊரில் சொந்தப் பண்ணை உடைய உழவர். அவர் சிறுவனைத் தம் மகனாக ஏற்றுத் தம் பெயரையே அவனுக்கு அளித்தார். பத்து வயதில் அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஒரு வீடு கிடைத்தது. நாளைக்கு உழுவதற்கு நிலமும் கிடைத்தது. அப்பகுதியில் ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் உரியவரின் குடும்பப் பெயருக்கு வேறாக ஒரு வீட்டுப் பெயர் உண்டு. உரியவர் மாறினாலும் வீட்டுப் பெயர் மாறாது. யேகர்ஷ்டெட்டர் வீட்டை லேஹர்ப் பண்ணை என்று அழைத்தனர். அப்பண்ணைக்கு வாரிசாகும் பிள்ளை இனி வெறும் ஹூபர் வீட்டுப் பையன் அல்லன்.

புதிய வீட்டில் மற்றொரு செல்வமும் இருந்தது. ஹைன்ரிக்கின் தந்தையார் படிப்பில் விருப்பமுடையவர். அவரிடம் நூல்கள் இருந்தன. பிரான்ட்ஸ் அவற்றை எடுத்துப் படித்தார். தொடக்கப் பள்ளியோடு கல்வி முடிந்துபோன அவர், வாழ்நாள் முழுவதும் படிப்பவராகவே இருந்தார். பிற்காலத்தில் தம் ஞானப்பிள்ளை ஒருவனுக்கு எழுதிய கடிதத்தில், படிக்காதவன் தன் காலில் நிற்க மாட்டான், பிறர் கருத்து இழுத்த இழுப்புக்கே போவான் என்ற பொருள்பட அறிவுரை கூறியிருக்கிறார். பள்ளிப் புத்தகத்தோடு படிப்பு முடிந்தது என்று எண்ணும் ஊரில் இவ்வாறு எண்ணிய உழவர் அவர்.

இவரைப் பிறவியிலேயே துறவி போல எழுதுவோர் உண்டு. உண்மை அதுவன்று. இளமையில் துடுக்கானவர். 1927 முதல் மூன்றாண்டுகள் ஸ்டைரியா மாநிலத்தில் ஐசன்எர்ட்ஸ் என்னும் ஊரில் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தார். அங்கே தொழிலாளரிடையே வாழ்ந்தபோது கோயிலுக்குப் போவதையும் சில காலம் கைவிட்டார். 1930இல் ஊர் திரும்பியபோது ஒரு மோட்டார் சைக்கிளுடன் வந்தார். ராடெகுண்ட் கண்ட முதல் மோட்டார் சைக்கிள் அதுதான். ஆனால் திரும்பி வந்தவரின் இறைப்பற்று முன்னிருந்ததைவிட ஆழமானதாயிருந்தது. சுரங்க ஊரில் தனிமையில் பட்ட தடுமாற்றமே அதற்குக் காரணமாயிருக்கலாம்.

1933ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கொணர்ந்தது. வளர்ப்புத் தந்தை ஹைன்ரிக் இறந்தார். லேஹர்ப் பண்ணை பிரான்ட்ஸின் கைக்கு வந்தது. அதே ஆண்டில், மணம் புரியாத ஒரு பெண்ணிடத்து அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். தாம் எந்த நிலையில் பிறந்தாரோ அதே நிலையில் தம் குழந்தையும் பிறந்தது. அக்குழந்தையை அவர் மறுக்கவில்லை. பராமரிப்புக்குப் பணம் கொடுத்தார், சென்று பார்த்து வந்தார். இதை மறைத்து எழுதுவோர் அவருக்கு நன்மை செய்வதாக எண்ணலாம். வாழ்க்கையில் தவறி, அதற்குப் பொறுப்பும் ஏற்றவர் என்பதே அவரை நமக்கு அண்மையில் கொண்டுவருகிறது.

பிரான்சிஸ்கா

1936ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், பெரிய வியாழனன்று, பிரான்ட்ஸ் பக்கத்து ஊராகிய ஹாக்பர்க்கைச் சேர்ந்த பிரான்சிஸ்கா ஸ்வானிங்கர் என்பவரை மணந்தார். மணமகளுக்கு வயது 23. கன்னியர் மடத்தில் சேரலாமா என்று ஒரு காலத்தில் எண்ணியவர் அவர். அந்நாட்டு வழக்கப்படி உழவர் வீட்டுத் திருமணம் என்றால் சாராயக்கடையில் ஊர் கூடி ஆடிப்பாடும் விருந்து. இவர்கள் ஆரவாரமின்றி மணம் முடித்து, உரோமாபுரிக்குப் பயணமானார்கள். அந்த யோசனை மணமகனுடையது.

மணவாழ்க்கை இருவரையும் மாற்றியது. ஊரார் பிற்காலத்தில் பிரான்சிஸ்கா வந்தே அவரைக் கோயில் பைத்தியம் ஆக்கிவிட்டார் என்று குறை கூறினர். ஒருவர் மற்றவரைத் தாங்கி நடந்தோம் என்பதே பிரான்சிஸ்கா தாமே கூறிய விளக்கம். இருவரும் சேர்ந்து விவிலியம் படித்தனர். நாள்தோறும் பூசைக்குச் சென்றனர். 1937, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெண் மக்கள் பிறந்தனர். ஆண்மக்கள் குழந்தை வண்டி தள்ளுவதைக் கண்டறியாத அவ்வூரில் பிரான்ட்ஸ் தம் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், கண்டவர் நகைத்தனர். இச்சிறு செய்தியை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. மனைவி மக்கள்பால் அன்பற்றவர்தான் இப்படிச் சாகத் துணிவார் என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், பின்னும் இருந்தனர். அவர் கடிதங்களைப் படித்தவர் அவ்வாறு சொல்ல மாட்டார்.

1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் இணைப்புக்கு மக்களின் இசைவு கேட்டு வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஆஸ்திரிய ஆயர்களும் இசைவளிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டனர். வாக்குச் சாவடிக்கே போகாமல் இருந்துவிட பிரான்ட்ஸ் எண்ணினார். பிரான்சிஸ்கா அஞ்சி மன்றாடினார். கணவர் போனார், போய், வேண்டாம் என்று வாக்களித்தார். ஊரில் அவ்வாறு வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஆனால் ராடெகுண்ட் ஊர் நூற்றுக்கு நூறு இசைந்தது என்று மேலிடத்திற்கு அறிக்கை போயிற்று. அந்த ஒரு வாக்கை ஊர் அதிகாரிகள் விழுங்கிவிட்டனர். அவரைக் காப்பதற்காகவா, தம்மைக் காப்பதற்காகவா என்று பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் இருந்திருக்கலாம்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு கனவு கண்டார். அழகிய புகைவண்டி ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவரும் சிறுவரும் அதை நோக்கி ஓடுகின்றனர். அந்த வண்டி நரகத்திற்குப் போவது என்று ஒரு குரல் அவருக்குச் சொல்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் இதை எழுதி வைத்தார். ஹிட்லரின் கட்சியும் அதன் கிளை அமைப்புகளும்தான் அந்த வண்டி என்று பொருள் கண்டார். கனவுக்குப் பொருள் சொல்வது எளிது. அப்பொருளின்படி வாழ்வது அவ்வளவு எளிதன்று. புதிய ஆட்சியார் அவரை ஊர்த் தலைவராக்க முன்வந்தனர், மறுத்தார். குழந்தைகளுக்கென அரசு தந்த உதவித்தொகையை மறுத்தார். ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்தபோது வந்த நட்ட ஈட்டையும் மறுத்தார். கட்சிக்குக் காசு திரட்ட வந்தவரிடம் கைவிரித்தார். சாராயக்கடைக்குப் போனால் அரசியல் பேச்சில் சண்டை மூளும் என்று அங்கே போவதையும் நிறுத்தினார். அந்த நட்ட ஈட்டுப் பணம் பிரான்ட்ஸுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் உள்ளோர் அனைவரின் உணவு அது. அதை மறுத்தபோது வீட்டாரும் உடன் இழந்தனர்.

இருமுறை போய்வந்த படைவீரர்

பிரான்ட்ஸ் முதலிலிருந்தே படையை மறுத்தவர் அல்லர் என்பதையும் மறைக்கக் கூடாது. 1940 சூனில் அழைப்பு வந்தபோது பிரௌனவ் சென்றார். ஹிட்லருக்குக் கீழ்ப்படிவதாக எல்லா வீரரும் எடுத்த உறுதிமொழியை அவரும் எடுத்தார். ஊர்த் தலைவர் முயன்று, உழவுக்கு இவர் இன்றியமையாதவர் என்று காட்டி, சில நாளில் அவரை மீட்டார். அக்டோபரில் மீண்டும் அழைப்பு. என்ஸ் என்னும் நகரில் வண்டியோட்டும் பயிற்சி பெற்றார். அங்கேயே 1940 டிசம்பரில் பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 1941 ஏப்ரலில் மறுபடி விடுவிக்கப்பட்டு வீடு வந்தார். பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று பிரான்சிஸ்கா விடாது முயன்றதும் அவ்விடுதலைக்குத் துணை.

படையில் கழித்த அந்த ஆறு திங்களே அவரைத் திருப்பிவிட்டவை. மனவளர்ச்சி குன்றியோரையும் நோயாளிகளையும் ஆட்சியார் கொன்று வந்த செய்தி அப்போது அவர் காதுக்கு எட்டியது. லின்ஸ் நகருக்கு அண்மையிலிருந்த ஹார்ட்ஹைம் மாளிகையில் மட்டும் அவ்விதம் ஆயிரக்கணக்கானோர் நச்சுப் புகையால் கொல்லப்பட்டனர். ஊர்ப் பாதிரியாராகிய யோசப் காரோபாத் தம் சொற்பொழிவு ஒன்றுக்காக 1940இல் கைது செய்யப்பட்டுப் பங்கிலிருந்தே அகற்றப்பட்டிருந்தார். வீடு திரும்பிய பிரான்ட்ஸ் இனி ஒரு முறை அழைத்தால் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கினார். கோயிற்பிள்ளைப் பணியை ஏற்றதும் அவ்வாண்டுதான்.

இடையில் கிடைத்த ஏறத்தாழ இரண்டாண்டில் அவர் பகலில் உழுதார், இரவில் குறிப்பேடுகளில் எழுதினார். ரஷ்யாமீது படையெடுத்தபோது, கடவுளை மறுக்கும் பொதுவுடைமைக் கொள்கையை எதிர்த்து நடக்கும் அறப்போர் இது என்று பலர் பேசினர். அப்படியானால் அந்நாட்டின் தாதுப் பொருள்மீதும் எண்ணெய்க் கிணறுகள்மீதும் நல்ல விளைநிலத்தின்மீதும் இவ்வளவு கண் எதற்கு என்று அவர் தம் குறிப்பில் வினவினார். கொள்கைப் போர் என்ற திரைக்குப் பின்னே பிறன் வயலைக் கவரும் ஆசை நிற்பதைக் காண ஓர் உழவனுக்குப் பெரும்படிப்பு வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளா, மனச்சான்றா?

அவர்முன் வைக்கப்பட்ட வாதம் ஒன்றே, சொன்னவர் பலர். உனக்கு மனைவி இருக்கிறாள், சிறு குழந்தைகள் மூவர் இருக்கின்றனர், முதிய தாய் இருக்கிறாள். அவர்களைக் காப்பதே உன் கடமை. அரசு செய்யும் போர் அறமா மறமா என்று ஆராய்வது குடியானவனின் பொறுப்பன்று. தாய் ரோசாலியா உற்றார் உறவினரை எல்லாம் திரட்டி மகனைத் தடுக்கப் பார்த்தார். காரோபாத் பாதிரியாரும் தடுக்க முயன்றார். ஒவ்வொரு முறையும் மறைநூல் சான்று காட்டிப் பிரான்ட்ஸே தம்மை வென்றார் என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பிரான்ட்ஸ் லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் யோசப் பிளீசரையும் கண்டார். பிரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். ஆயரும் குடும்பக் கடமையையே எடுத்துக் கூறினார். உள்ளேயிருந்து வந்த கணவரின் முகம் வாடியிருந்தது.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தோட்டத்தில் தந்தையை இழந்த வீட்டுப் பிள்ளைகளை வகுப்பில் கண்டிருப்போர்க்கு அதன் எடை தெரியும். பிரான்ட்ஸுக்கும் அது தெரியாமல் இல்லை. தந்தையற்ற பிள்ளையாக வளர்ந்தவரே அவர். பிள்ளைகள் அநாதையாவதைவிடப் பெரிய தீங்கு இல்லை என்று அவரும் எண்ணியிருந்தால் போருக்குப் போயிருப்பார். மனைவி மக்கள் இருப்பதனாலேயே கடவுளுக்கு மாறாக நடக்க ஒருவனுக்கு உரிமை வந்துவிடுமா என்பதே அவர் திருப்பிக் கேட்ட கேள்வி. அத்துடன் வேறொன்றும் உண்டு. போருக்குப் போன தந்தையர் எல்லாம் திரும்பி வந்தனரா? அவரைப் பெற்ற பாக்மையர் போருக்குப் போனவர்தாமே. போனால் குடும்பம் பிழைக்கும் என்னும் உறுதியை அவருக்கு யாராலும் அளிக்க முடியவில்லை. பிறர் தந்தையரை அவர் கொல்ல வேண்டியிருக்கும் என்பது மட்டும் உறுதி.

பிரான்சிஸ்காவும் முதலில் தடுத்தவர்தாம். ஊரும் உறவும் கோயிலும் ஒருபக்கம் நின்று கணவரோடு வாதிடுவதைக் கண்டபின் அவர் வாதிடுவதை நிறுத்தினார். தாமும் எதிர்நின்றால் அவர்க்கு ஒருவருமே இல்லை என்றாகிவிடும் என்பதே பின்னாளில் அவர் தந்த காரணம். தம் கணவர் சாவதற்கு அவர் இசைந்தார் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. தனியே விட மறுத்தார், அவ்வளவே. அவ்வளவும் எளிதில் பிறர்க்கு வாய்ப்பதன்று.

1943 பிப்ரவரியில் மூன்றாம் அழைப்பு வந்தது. மார்ச்சு 1ஆம் நாள் பிரான்ட்ஸ் என்ஸ் நகரில் போய் நின்றார். மறுநாள் ஆயுதமேந்த மறுப்பதாக அறிவித்தார். லின்ஸ் நகரில் படைச்சிறை. மே 4ஆம் நாள் பெர்லினைச் சேர்ந்த டேகல் சிறை. காயம்பட்டோர்க்கு உதவும் மருத்துவப் பணியாளாகப் பணிபுரிய அணியமாயிருந்தார். அதை ஏற்பார் இல்லை. சூலை 6ஆம் நாள் உச்சப் படைநீதிமன்றம் படைவலிமையைக் குலைத்த குற்றத்திற்காக அவருக்குச் சாவுத் தண்டனை விதித்தது. அதன்பின் இரவும் பகலும் கையில் விலங்கு. விலங்கிட்ட கையோடுதான் அவருடைய கடைசி எழுத்துகள் எழுதப்பட்டன.

சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் பெரும் பகுதி விதைப்பும் புல்லறுப்பும் பற்றியவை. வேலை எவ்வளவு முடிந்தது, யார் உதவிக்கு வந்தனர், உடம்பை வருத்திக்கொள்ளாதே என்று வீட்டுக்காரர் மனைவிக்கு எழுதுவதே அவற்றிலும் காணப்படுகிறது. பிரான்சிஸ்கா அனுப்பிய ஒரு நிழற்படத்தில் மூன்று பெண்களும் நிற்கின்றனர். அப்பா சீக்கிரம் வாருங்கள் என்ற பொருள்படும் அட்டை ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அந்தப் படம் சிறையறைக்கு வந்து சேர்ந்தபோது அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எழுதிக் காட்ட வேண்டுவதில்லை.

தீர்ப்பு வந்த சில நாளில் பிரான்சிஸ்கா, புதிய பங்குக் குருவாகிய பெர்டினாண்ட் பூர்த்தவருடன் பெர்லினுக்குப் பயணமானார். மனைவியையும் குருவையும் கண்டால் கைதியின் மனம் மாறும் என்று வழக்கறிஞர் செய்த ஏற்பாடு அது. குரு பேசிப் பார்த்தார். பிரான்ட்ஸ் மாறவில்லை. கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் கண்டது அதுவே கடைசி. சிறைக் குருவாகிய ஹைன்ரிக் கிராய்ட்ஸ்பர்க் மூலம் அவருக்கு ஒரு செய்தி தெரிந்தது: பிரான்ட்ஸ் ரைனிஷ் என்னும் ஆஸ்திரியக் குரு ஒருவரும் ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து 1942 ஆகஸ்டில் கொல்லப்பட்டிருந்தார். தாம் மட்டுமே வழி தவறியவரோ என்று உள்ளுக்குள் வருந்திவந்தவர்க்கு அது பேராறுதலாயிற்று. ஓர் ஆயர் தரத் தவறிய துணையை இறந்துபோன ஒரு குரு தந்தார்.

1943 ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் பிராண்டன்பர்க் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அன்று எழுதிய கடைசிக் கடிதத்தில் தாயிடமும் மனைவியிடமும் தாம் தந்த துன்பத்திற்காக மன்னிப்புக் கேட்டார். மாலை 4 மணிக்குத் தலை வெட்டப்பட்டார். வயது 36. அன்று உடனிருந்த குரு ஆல்பர்ட் யாக்மன் அந்நகரில் பணியாற்றிய ஆஸ்திரியக் கன்னியரிடம் அன்று மாலையே இவரைப் பற்றிக் கூறி, அவர்கள் நாட்டில் ஒரு புனிதர் பிறந்திருக்கிறார் என்று வியந்தார். எரித்த சாம்பலைப் புதைத்த இடத்தை அக்கன்னியர் குறித்து வைத்துப் பூச்செடி நட்டனர். போர் முடிந்தபின் சாம்பலை ஊருக்கு எடுத்துவந்தவரும் அவர்களே. 1946 ஆகஸ்டு 9ஆம் நாள் ராடெகுண்ட் கோயிற் சுவரோரம் அது அடக்கம் செய்யப்பட்டது.

லேஹர்ப் பண்ணையில் எஞ்சியோர்

இதற்குமேல் நடந்தவை பிரான்சிஸ்காவின் வரலாறு. கணவர் இறந்தபோது மூத்த மகளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை, கடைக்குட்டிக்கு மூன்று. முதிய மாமியாரோடும் மூன்று குழந்தைகளோடும் 30 வயதுப் பெண் ஒருவர் பண்ணையை நடத்தினார். கணவர் விட்டுச்சென்ற கோயிற்பிள்ளைப் பணியையும் தாமே ஏற்றார். போரில் மாண்ட வீரரின் மனைவியர்க்கு ஊரில் மதிப்பு இருந்தது. இவர்க்கு அது இல்லை. கணவரைக் கெடுத்தவள் என்ற சொல்லே கிடைத்தது. தங்கள் பிள்ளைகளும் கணவரும் போய்ச் செத்த போர் தவறான போர் என்று சொல்லாமல் சொல்லும் ஒரு கல்லறை ஊர்க் கோயிலில் இருப்பதை அவ்வூரார் எவ்வாறு பொறுப்பர்? அவர்களுடைய மனக்குமுறலையும் நாம் உணர வேண்டும். விதவைக்குரிய உதவிப்பணம் 1950 வரை பிரான்சிஸ்காவுக்கு மறுக்கப்பட்டது.

கோயிலும் வாய் திறக்கவில்லை. 1946இல் லின்ஸ் மறைமாவட்ட இதழுக்கென இவரைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையை ஆயர் பிளீசர் வெளியிட விடவில்லை. கடமையைச் செய்து போர்க்களத்தில் மடிந்த இளைஞரையே வீரராகக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. உள்ளூர் மறந்தவரை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கார்டன் சான் என்னும் அமெரிக்க அறிஞர். தாமும் அப்போரில் ஆயுதமேந்த மறுத்தவர் அவர். ராடெகுண்ட் சென்று ஊராரையும் குருமாரையும் கண்டு பேசி 1964இல் அவர் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். மறு ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் இவ்வுழவரின் பெயர் எடுத்துக்காட்டப்பட்டது. காட்டியவர் முன்பு பம்பாய்ப் பேராயராயிருந்த தாமஸ் ராபர்ட்ஸ். ஆஸ்திரிய நாட்டு ஆயர் ஒருவர் மூடி வைத்ததை இந்தியாவில் பணிபுரிந்த ஓர் ஆயர் திறந்து வைத்தார் எனலாம். மனச்சான்றின்பொருட்டு ஆயுதமேந்த மறுப்போர்க்கு நாடுகளின் சட்டம் இடந்தர வேண்டும் என்று அச்சங்கத்தின் ஏடு 1965 டிசம்பரில் கூறிற்று.

ஆஸ்திரியாவில் காலம் மெல்லவே நகர்ந்தது. 1997 மே மாதத்தில் பெர்லின் நீதிமன்றம் 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அப்போது பிரான்சிஸ்காவுக்கு வயது 84. பத்தாண்டு கழித்து, 2007 அக்டோபர் 26ஆம் நாள், லின்ஸ் பேராலயத்தில் பிரான்ட்ஸ் யேகர்ஷ்டெட்டருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. ஆயர் பிளீசரைக் காணப் பிரான்ட்ஸ் உள்ளே சென்றபோது மனைவி வெளியே காத்திருந்ததும் அதே நகரில்தான். இம்முறை 94 வயது மூதாட்டியாக அவர் முன்வரிசையில் மக்களோடு அமர்ந்திருந்தார். கணவரின் திருப்பண்டத்தை ஆயர் கையில் கொடுப்பதற்குமுன் அதை முத்தமிட்டார்.

2019இல் இவ்விருவரின் கதையை டெரன்ஸ் மாலிக் என்னும் அமெரிக்க இயக்குநர் திரைப்படமாக்கினார். பிரான்சிஸ்கா அதைக் காணவில்லை. நூறாவது பிறந்தநாள் கழிந்த 12ஆம் நாள், 2013 மார்ச்சு 16இல், அவர் இறந்துபோயிருந்தார். அவர் கணவரோடு வாழ்ந்த மணவாழ்க்கை 7 ஆண்டும் 4 மாதமும். அவர் கைம்மையில் கழித்தது 69 ஆண்டும் 7 மாதமும்.